பதினோரு பள்ளியில் எரிந்த பல்பு

—அந்தப் பக்கம் வைக்காதே தம்பி, அங்க காந்தம் கிடக்கு. கீழ வை. ரெஜிஸ்டர்ல ஒரு கையெழுத்துப் போட்டுட்டு நீ கிளம்பலாம்.

—கிளம்பறேன் அண்ணி. பெட்டியைத் திருப்பிக் கொடுக்க வெயில்ல தூக்கிட்டு வந்தவனை ஒரு வாய் தண்ணி குடின்னு கூட சொல்ல மாட்டீங்களா?

—வீட்டுக்கு வா, சோறே போடறேன். இந்தக் காலேஜுக்குள்ள நான் உன் அண்ணி இல்ல. பன்னெண்டு ஸ்கூலுக்குச் செய்முறை அறிவியல் பெட்டி அனுப்பற கோஆர்டினேட்டர்.

—சரிங்க மேடம். எங்க ஸ்கூலை ஏன் பட்டியல்லேருந்து தூக்கினீங்கன்னு கேக்கலாமா மேடம்?

—கிண்டல் வேண்டாம் வாத்தியாரே. லெட்டர்லதான் எழுதியிருக்கேனே. பதினோரு ஸ்கூல் 'பல்பு எரிந்தது'ன்னு அறிக்கை அனுப்பிச்சிருக்கு. நீ ஒருத்தன்தான் 'எரியவில்லை'. ஏன் எரியலன்னு ஒரு வரி விளக்கம் உண்டா?

—எரியல. அதனால எரியலன்னு எழுதினேன்.

—அக்கறையா செஞ்சிருந்தா எரிஞ்சிருக்கும். நாளைக்குக் கமிட்டி கூடுது. கொழுந்தன் ஸ்கூல்னு விட்டுக்கொடுத்தா, வெறும் வாயை மெல்லறவங்களுக்கு நானே அவல் கொடுத்த மாதிரி ஆயிடும்.

—உங்க பேரு கெடாம இருக்கணும்னு எங்க அறுபது பிள்ளைங்களுக்கு அடுத்த வருஷம் பெட்டி கிடையாது. எங்க கிட்ட லேப் இல்ல அண்ணி. நீங்க அனுப்பற பெட்டிதான் எங்களுக்கு லேப்.

—தெரியாமலா? லெட்டர்ல கையெழுத்துப் போட்ட அன்னிக்கு எனக்குத் தூக்கமே வரல. ஆனா எல்லாருக்கும் ஒரே விதி.

—அப்ப ஒரே ஒரு தடவை நீங்க எரிய வெச்சுக் காட்டுங்க. எரிஞ்சா வாயை மூடிட்டுப் போயிடறேன்.

—பிடிவாதத்துல அப்படியே உங்க அண்ணன். கொடு அந்த ஒயரை. ரெண்டு செல்லு. இது பிளஸ். இது மைனஸ். கிளிப்பை மாட்டினா... எரியலையே.

—நல்லா அழுத்திப் பிடிங்க.

—அழுத்தித்தான் பிடிச்சிருக்கேன். செல்லு தீர்ந்துபோயிருக்கும்.

—உங்க மேஜை டிராயர்ல புது செல் இருக்கும்ல? போட்டுப் பாருங்க.

—ம்... இதுக்கும் எரியல. உன் பிள்ளைங்க பல்பைக் கீழ போட்டிருப்பாங்க.

—அலமாரியில சீல் பிரிக்காத பெட்டி ஒண்ணு தெரியுதே. அதுலேருந்து ஒரு பல்பு எடுங்க.

—அது ஏதாவது அவசரம்னா அனுப்பறதுக்கு வெச்சிருக்கேன்.

—இது அவசரம்தான் அண்ணி.

—சரி, பிரிச்சாச்சு. இந்தா பல்பு. இதுவும்... என்ன கண்றாவி இது?

—பல்போட கழுத்துல பொடி எழுத்துல ஏதோ இருக்கு. கண்ணாடியைப் போட்டுட்டுப் படிங்க.

—பன்னெண்டு வோல்ட். அட, இது வண்டியில மாட்டற பல்பாச்சே. ரெண்டு செல்லு சேர்ந்தா மூணு வோல்ட்தான். இது எங்கேருந்து எரியும்?

—எரியாது.

—எல்லாப் பெட்டிக்கும் ஒரே அட்டைப்பெட்டியிலேருந்துதான் பல்பு எடுத்துப் போட்டோம். அப்ப ஒரு ஸ்கூல்லயும் எரிஞ்சிருக்காதே. ஒருத்தர் 'பல்பு எரிந்தவுடன் மாணவர் முகங்களிலும் ஒளி பரவியது'ன்னு எழுதியிருந்தார். போன கூட்டத்துல அதை வாசிச்சுக் காட்டினேன். எல்லாரும் கைதட்டினாங்க.

—பல்புதான் எரியல, முகமாவது எரியட்டும்னு நினைச்சிருப்பார்.

—சிரிக்காதே. எனக்கு அவமானமா இருக்கு. பதினோரு வாத்தியாருங்க. எப்படி மனசு வந்துச்சு அவங்களுக்கு?

—உங்க அறிக்கை பாரத்துல ரெண்டே கட்டம்தான் அண்ணி. எரிந்தது, எரியவில்லை. ரெண்டாவதுல டிக் போட்டா பெட்டி நின்னுடும்னு எல்லாருக்கும் பயம். எனக்கும் கை முதல் கட்டத்துக்குத்தான் போச்சு. பிள்ளைங்க பாத்துக்கிட்டு நின்னாங்க, அதனால மாத்திப் போட்டேன்.

—அந்த பாரத்தை அடிச்சது நான்தான்.

—தெரியும்.

—சரி, பல்பு தப்புன்னு உனக்கு எப்ப தெரிஞ்சுது?

—எனக்கெங்க தெரிஞ்சுது? பிள்ளைங்கதான் மூணு நாள் மல்லுக்கட்டினாங்க. ஒயரை மாத்தினாங்க, செல்லைத் திருப்பினாங்க, ஒருத்தரை ஒருத்தர் திட்டிக்கிட்டாங்க. கடைசியில வாயே திறக்காத ஒரு பொண்ணு, நாலு குழு கிட்டயும் செல்லைப் பிடுங்கி எட்டையும் வரிசையா அடுக்கினா. பளிச்னு எரிஞ்சுது. மணி அடிச்சும் ஒரு பிள்ளை வெளிய போகல அண்ணி.

—அட பாவி. இதுக்காகத்தானே இவ்வளவு பாடுபடறேன். இதை நாலு வரி எழுதியிருந்தா உங்க ஸ்கூலைத் தலையில தூக்கி வெச்சு ஆடியிருப்பேன்.

—எழுதத்தான் உக்காந்தேன். அப்புறம் ரெண்டு செல்லுக்கு எரியலங்கறதை மட்டும் டிக் போட்டுட்டு விட்டுட்டேன்.

—ஏன்?

—எழுதினா, தப்பு பல்பு எப்படிப் பெட்டிக்குள்ள வந்துச்சுன்னு தோண்டுவாங்க.

—தோண்டட்டுமே. பெட்டி கிளம்பறதுக்கு முன்னால எரிய வெச்சுப் பாத்து, சீட்டுல கையெழுத்துப் போட்டு உள்ள வெக்கணும். அதுதான் முறை. பாக்காமலே கையெழுத்துப் போட்ட ஆளு பேரை நாளைக்குக் கமிட்டியில சொல்லத்தான் போறேன்.

—யாரா இருந்தாலுமா?

—யாரா இருந்தாலும். உன் பெட்டியில இருந்த சீட்டு எங்க?

—கிழிச்சுப் போட்டுட்டேன்.

—யாரைக் காப்பாத்த? ஸ்டோர்காரரையா? பரவாயில்ல, இந்தப் பெட்டியிலயும் ஒண்ணு இருக்கும்.

—வேண்டாம் அண்ணி, மூடிடுங்க. எங்க ஸ்கூலைத் திரும்பச் சேர்த்துக்கிட்டா போதும். மத்ததை விடுங்க.

—கையை எடு. 'அனுப்பும் முன் சோதித்தேன். பல்பு எரிந்தது.' கீழ... கீழ...

—சொல்லச் சொல்லக் கேக்காம எடுத்துட்டீங்க.

—இந்த அவசரப் பெட்டியையும் சேர்த்துப் பதிமூணு சீட்டையும் ஒண்ணா கொண்டுவந்து நீட்டினாங்க. நான் போன்ல யாருக்கோ பதில் சொல்லிக்கிட்டிருந்தேன். என்ன தாள்னு கூடப் பாக்கல.

—வேலை நெருக்கடி. யாருக்கும் வர்றதுதான்.

—சமாதானம் சொல்லாதே. பதினோரு பேரைத் திட்டினேன், முதல்ல எரிஞ்சதுன்னு எழுதினவ நான். நாளைக்கு இந்தச் சீட்டை நானே வாசிக்கறேன். உங்க ஸ்கூல் பேரைச் சேர்த்துட்டுத்தான் உக்காருவேன். ஆனா ஒண்ணு சொல்லு. இதுல பேரு இல்ல, பதவி இல்ல, வெறும் கிறுக்கல். நான்னு எப்படிக் கண்டுபிடிச்சே?

—ஆறாம் கிளாஸ்லேருந்து என் மார்க் அட்டையில நீங்கதானே அண்ணி கையெழுத்துப் போட்டீங்க, ஒவ்வொரு மார்க்கையும் விரல் வெச்சுப் படிச்சு முடிச்சுட்டு.