ரத்தம் ஏற்றும் வரிசை

டெல்லி ஐ.என்.ஏ. பஸ் நிறுத்தத்தில் எனக்கு முன்னால் இரண்டு நர்சுகள் நின்றார்கள்.

"பத்து அஞ்சைவிடச் சின்னதுன்னு கம்ப்யூட்டர் வரிசை போட்டிருக்குக்கா," என்றாள் இளையவள்.

"எப்படிடி?"

"ஹீமோகுளோபின் போடற எடத்துல ஒருத்தருக்கு மட்டும் 'ரிப்போர்ட் வரல'ன்னு அடிச்சேன். அதனால எல்லா நம்பரையும் எழுத்தா எடுத்துக்கிச்சு. எழுத்துன்னா முதல் இலக்கத்தைத்தான் பார்க்குமாம். பத்துல ஒண்ணு இருக்குல்ல, அது முன்னால போயிடுச்சு."

"நம்பரான்னு செக் பண்ணலையா?"

"அதைக் கேட்டு ஒரு வரி அடிச்சிருந்தா கம்ப்யூட்டரே சொல்லியிருக்கும். டாக்டர் ஜல்தி ஜல்தின்னு அவசரப்படுத்திக்கிட்டு நின்னாரு."

"குறைஞ்சவங்களுக்குத்தானே முதல்ல ரத்தம் ஏத்தணும்?"

"அஞ்சு இருந்த அம்மா மூணு நாளா லிஸ்ட்ல பத்து, பதினொண்ணுக்கெல்லாம் பின்னாலக்கா. இப்ப ஐசியூல இருக்காங்க."

"வீட்டுக்காரங்ககிட்ட சொன்னியா?"

"இல்ல. ஐசியூல பெட் கெடைச்சதுக்கு அவங்க மகன் எனக்குத் தேங்க்ஸ் சொன்னான்."

பஸ் வந்தது. மூத்தவள் ஏறினாள். இளையவள் ஆஸ்பத்திரிப் பக்கம் திரும்பி நடந்தாள்.