பதினொரு பேருக்காக நடந்தேன்

மதிப்பிற்குரிய விசாரணை அதிகாரி ஐயா,

டிரெட்மில்லில் ஏறுகிறவர்களிடம் முதலில் சொல்ல வேண்டியது, குனிந்து பார்க்காதீர்கள் என்பதுதான். ஓடுகிற பட்டையைப் பார்த்தால் தலை சுற்றும். எதிர்ச் சுவரைப் பார்த்து நடக்க வேண்டும். அதற்காகவே எங்கள் இதயச் சோதனை அறைச் சுவரில் ஓர் ஏரியின் படம் மாட்டியிருக்கிறது. பன்னிரண்டு வருடமாக அந்த ஏரியை நோக்கி ஆட்களை நடக்கவிட்டேன். ஒருத்தரும் கரை சேர்ந்ததில்லை என்று வேடிக்கையாகச் சொல்வேன். இப்போது அப்படிச் சொல்வது பொருத்தமாக இராது.

நீங்கள் கேட்டது பெயர்ப் பட்டியல். "அவங்க எல்லாம் ஒண்ணும் தெரியாம மாடிப்படி ஏறிக்கிட்டு இருக்காங்க, சீக்கிரம் குடுங்க" என்று நேற்று மூன்று முறை கேட்டீர்கள். கடிதத்தின் முடிவில் தருகிறேன். பட்டியலை மட்டும் படித்தால் என்னைத் தவறாக நினைக்க வாய்ப்பிருக்கிறது. எதையும் முதலிலிருந்து எழுதிப் பழகியவன் நான்.

சோதனை எளிமையானது. இதயத்தில் சந்தேகம் உள்ளவர் மார்பில் பத்து ஸ்டிக்கர் ஒட்டி, வயர் மாட்டி, பட்டையில் நடக்கவிடுவோம். மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வேகமும் ஏற்றமும் கூடும். ரத்த ஓட்டம் போதவில்லை என்றால் திரையில் ஓடும் கோட்டின் ஒரு பகுதி கீழே தொங்கும். ஆளுக்கும் மார்பு இறுகும். உடனே நிறுத்த வேண்டும். சோதனை நடக்கும்போது டாக்டர் ஒருவர் அறையில் இருக்க வேண்டும் என்பது விதி. எங்கள் டாக்டர் பக்கத்து அறையில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். "ஏதாவதுன்னா கூப்பிடுங்க" என்பார். மதியம் மூன்று மணிக்குப் பெரிய டாக்டர் வந்து, அன்றைய தாள்களைப் படித்து முடிவு எழுதுவார். அவர் என்னை "டிரெட்மில்" என்றுதான் கூப்பிடுவார். "டிரெட்மில், அடுத்தது எடு."

முதல் ஆள் ஒரு பள்ளி வேன் ஓட்டுநர். ஐம்பத்துநான்கு வயது. தகுதிச் சான்றுக்காக வந்தார். இரண்டு நிமிடம் நாற்பது விநாடியில் கோடு தொங்கிவிட்டது. நிறுத்தினேன். மார்பைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தவர், என் முகத்தையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சார், இது போச்சுன்னா வண்டி போச்சு. வண்டி போச்சுன்னா நான் வீட்ல என்ன சார் பண்ணுவேன்? என் பொண்டாட்டி மூஞ்சியவே நாள் பூரா பார்த்துக்கிட்டு இருக்க முடியுமா?"

அழுதுகொண்டே நகைச்சுவை பேசுகிறவரை எனக்குப் பிடிக்கும். அவரை வெளியே உட்காரச் சொன்னேன். கதவைச் சாத்தி, சட்டையைக் கழற்றி, பத்து ஸ்டிக்கரையும் என் மார்பில் ஒட்டிக்கொண்டேன். அவருடைய பெயரையும் வயதையும் மறுபடி தட்டிவிட்டு, ஏரியைப் பார்த்து நடந்தேன்.

மூன்று மணிக்குப் பெரிய டாக்டர் அந்தத் தாளை எடுத்தார். வைக்கவில்லை. தலையை நிமிர்த்தினார்.

"யாருப்பா இது? அம்பத்துநாலு வயசா? குதிரை மாதிரி ஹார்ட்டு. இப்படி ஒரு கிராஃப் பார்த்து எவ்வளவு நாளாச்சு!"

அதை என் கண்ணைப் பார்த்துச் சொன்னார். பள்ளிக்கூடத்தில் கையெழுத்துக்காக ஒருமுறை என்னைப் பாராட்டியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு அன்றைக்குத்தான்.

அடுத்த இரண்டு பேரும் அவர்களாகவே கெஞ்சிக் கேட்டார்கள். நான்காவது ஆள் கேட்கவில்லை. கேட்கத் தெரியாதவர் என்று நினைத்து நானே நடந்தேன். அதன் பிறகு யாரிடமும் சொல்லி அவர்களைச் சங்கடப்படுத்தவில்லை. நல்ல செய்தியோடு போனார்கள். பெரிய டாக்டர் மாத்திரையைக் குறைத்தார், சிலருக்கு நிறுத்தினார். ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: தாளில் ஒரு எண்ணைக்கூட நான் மாற்றவில்லை. ரத்த அழுத்தம் உட்பட எல்லாம் முறையாக எடுத்தது. பெயர் மட்டும்தான் வேறு.

ஸ்டிக்கர் ஒட்டுகிற அக்காவுக்கு மட்டும் ஏதோ இடித்தது. "என்ன சார், சட்டை நனைஞ்சிருக்கு? நடக்கிறது அவங்களா, நீங்களா?" என்று ஒருநாள் கேட்டார். ஏ.சி. சரியில்லை என்றேன். "உங்களுக்கு மட்டும் எப்படி சார் சரியில்லாம போகுது?" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார். அவருக்கு இதில் சம்பந்தமில்லை. அவரை விட்டுவிடுங்கள்.

எட்டாவது ஆள் என் மனைவியின் அண்ணன். என் கால்கள் மெலிந்தவை என்பதால் கல்யாணமான நாளிலிருந்து என்னைக் கொக்கு என்றுதான் கூப்பிடுவார். லேசாக மார்பு கனக்கிறது என்று என் மனைவி வற்புறுத்தி அனுப்பிவைத்தாள். நான்காவது நிமிடத்தில் கோடு தொங்கியது, முகம் வெளுத்தது. இறங்கியும் வாய் அடங்கவில்லை.

"உன் மிஷினு ரிப்பேர் மாப்ள. உன்னை மாதிரி நோஞ்சானுங்களை ஏத்தி ஏத்தி அதுக்கும் சீக்கு வந்துருச்சு."

அவருக்காகவும் நடந்தேன். அவர் எதுவும் கேட்கவில்லை. குதிரை என்ற சொல்லைப் பெரிய டாக்டர் அன்று அவரிடமே நேரில் சொன்னார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு சாப்பிட உட்கார்ந்தோம். மச்சான் தாளை விரித்துவைத்துக்கொண்டு கோட்டை விரலால் தடவிக் காட்டினார். "பாரு, எப்படி ஏறி இறங்குது. டாக்டரே அசந்துட்டார். கொக்கு, உன்னோடதை எடுத்தா ஈ ஊர்ந்த மாதிரி இருக்கும்." எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவியும் சிரித்தாள். என்னுடைய பொருளை ஒருவர் என் முன்னாலேயே தன்னுடையது என்று காட்டினால் கொஞ்சம் உறுத்தும், இல்லையா? அவருடைய டம்ளரில் தண்ணீர் ஊற்றினேன்.

இரண்டு மாதம் கழித்து வீடு மாறினோம். மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. இரும்பு பீரோ ஒன்று மிஞ்சியது. "ஆள் வச்சுத் தூக்கிக்கலாம்ணே" என்றாள் என் மனைவி.

"ஆள் எதுக்குமா? குதிரை நிக்குது. டேய் கொக்கு, நீ மேல் பக்கம் பிடி. கீழ் பக்கம் பிடிச்சா உன் கால் ஒடிஞ்சிரும்."

பாரம் முழுவதும் கீழே பிடிப்பவருக்குத்தான். ஏறத் தொடங்கும்போது வேலைப் பழக்கத்தில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேன். இரண்டாம் மாடித் திருப்பத்தில் மூன்றரை நிமிடம் ஆகியிருந்தது. மச்சான் நின்றார். உதட்டில் நிறம் இல்லை.

"என்ன மச்சான், முடியலையா?"

"யாரைப் பார்த்து... கேக்குற? தூக்குடா."

தூக்கினேன். அறையில் இருந்திருந்தால் நிறுத்தும் பொத்தானை அழுத்தியிருப்பேன். படிக்கட்டில் அப்படி ஒன்று இல்லை. நான்கு நிமிடம் பத்து விநாடியில் அவர் பிடி விட்டது. பீரோ சுவரில் சாய்ந்து நின்றுவிட்டது, அவர் மேல் விழவில்லை. பீரோ விழுந்து இறந்தார் என்று நீங்கள் எழுதியிருப்பதைத் திருத்திக்கொள்ளுங்கள்.

மச்சானின் மனைவி புத்திசாலி. போன வருடம் மச்சானுக்கு அவர் வேலை பார்த்த தொழிற்சாலையில் எடுத்த ஈசிஜியையும் எங்கள் தாளையும் எடுத்துக்கொண்டு வேறொரு டாக்டரிடம் போனார். என் கோட்டில் ஓரிடத்தில் பிறவியிலேயே சின்னக் கொம்பு மாதிரி ஒன்று உண்டு. அந்த டாக்டர் அரை நிமிடத்தில் கண்டுபிடித்து, "இது ரெண்டும் ஒரே ஆளோடது இல்லம்மா" என்றாராம். அந்த டாக்டர் மேல் எனக்கு மரியாதை இருக்கிறது. பெரிய டாக்டர் அதே கொம்பைப் பதினொரு தடவை பார்த்திருக்கிறார். ஒரு தடவைகூட, இதை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று அவருக்குத் தோன்றவில்லை. அதில் எனக்கு வருத்தம்தான்.

பட்டியலுக்கு வருகிறேன், தனித் தாளில் இத்துடன் இணைத்திருக்கிறேன். உண்மையான சோதனையில் யார் எத்தனையாவது நிமிடத்தில் நின்றார்கள் என்பதைப் பெயருக்கு நேரே குறித்திருக்கிறேன். குறைந்த நிமிடக்காரரை முதலில் கூப்பிடுங்கள். முதல் பெயர் வேன் ஓட்டுநர். அவர் இன்னும் ஓட்டுகிறார். இருபத்திரண்டு பிள்ளைகள். தினமும் எட்டரைக்கு என் புது வீட்டுத் தெரு வழியாகத்தான் போவார், என்னைப் பார்த்தால் கைகாட்டுவார். முந்தைய பத்தியை எழுதிக்கொண்டிருந்தபோது ஹாரன் கேட்டது. வாக்கியம் பாதியில் இருந்ததால் நான் எழுந்திருக்கவில்லை.

எட்டாவது பெயரை அடித்துவிட்டேன். மற்றவர்கள் எனக்குத் தெரிந்தவரை உயிரோடு இருக்கிறார்கள். இவர்கள் படும் பாட்டைப் பார்க்கச் சகிக்காமல், இரக்கத்தால்தான் இதைச் செய்தேன் என்பதை உங்கள் அறிக்கையில் சேர்த்துக்கொள்ள வேண்டும். விசாரணை முடிந்ததும் தாள்களை என்னிடம் திருப்பித் தர வழியுண்டா என்றும் தெரிவிக்கவும். சட்டப்படி அவை யாருடையவை என்று எனக்குத் தெரியவில்லை.

பதினொன்றாவது பெயர் ஒரு நூலகர் அம்மாள். அவரைத் தேடி அவசரமாக ஆள் அனுப்ப வேண்டியதில்லை. அவருக்கு ஒரு கோளாறும் இல்லை. கோடு எங்கேயும் தொங்கவில்லை, ஒன்பது நிமிடம் ஒழுங்காகவே நடந்தார்.

அவர் பெயரில் நான் பத்தரை நிமிடம் நடந்தேன்.