நடுவில் எழுந்து போகக் கூடாது

எனக்குப் பாட்டு கேட்கிற பழக்கமெல்லாம் பெரிதாகக் கிடையாது மேடம். மினி பஸ்ஸில் போடுவதைக் கேட்பேன், இறங்கியதும் மறந்துவிடுவேன். வயலின் என்றால் கல்யாண மண்டபத்தில், பந்திச் சத்தத்துக்கு நடுவே ஒரு மூலையில் கீச்சுக் கீச்சென்று கேட்கிற ஒன்று என்றுதான் நினைத்திருந்தேன். இதை ஏன் சொல்கிறேன் என்றால், நான் திட்டம் போட்டு அந்த வீட்டுக்குள் போனதாக உங்கள் ஏட்டையா எழுதப் பார்க்கிறார். அதை அடித்துவிடச் சொல்லுங்கள். வேலைக்குத்தான் போனேன்.

இன்னொன்றையும் அடித்துவிடலாம். பழைய பகை. என் அம்மா கண்ணாத்தாள் அந்த வீட்டுக்காரர்கள் வயலில் நாற்று நட்டவள். நான் எங்கள் தெருவின் முதல் பட்டதாரி, பி.எஸ்சி. நர்சிங். அதையெல்லாம் மனதில் வைத்திருந்து செய்தாள் என்றால் கொஞ்சம் அனுதாபம் கிடைக்கும் என்று வக்கீலும் சொல்கிறார். எனக்குக் கோபம் உண்டு, நிறையவே உண்டு. எங்களைப் பற்றி எது பேசினாலும் ஓர் ஐயோ பாவத்தையோ ஒரு பகையையோ சேர்த்துத்தான் உங்களுக்கெல்லாம் பேச வருகிறது. எங்களுக்கும் ஒன்று சும்மா பிடித்துப்போகும் என்பது யார் புத்தியிலும் ஏறுவதில்லை. அந்த வீட்டுச் சாவித்திரி அம்மா என்னைத் தன் பக்கத்தில் உட்காரவைத்துத்தான் சாப்பிடச் சொன்னார். நல்ல மனுஷி. அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

அவருக்கு இதயம் பலவீனம். காலில் நீர் கோத்துக்கொள்ளும், மூச்சு வாங்கும். உப்பு கூடாது, நீர் பிரிகிற மாத்திரையை விடக் கூடாது. இதைப் பார்த்துக்கொள்ளத்தான் என்னை வைத்தார்கள். ஒரே மகன் சூர்யபிரகாஷ் ஜெர்மனியிலிருந்து வந்திருந்தார். அங்கே பெரிய வயலின் வித்வான். மேடையில் ஒற்றை ஆளாக வாசிப்பவர்; பக்கத்தில் மிருதங்கம் கிடையாது, சுருதிப்பெட்டி கூடக் கிடையாது. அம்மா தேறியதும் கிளம்பிவிடுவார் என்று பேச்சு.

முதல் நாள் சாயங்காலம் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, மோகனம் என்று சொல்லிவிட்டு வாசிக்க ஆரம்பித்தார். நான் பிரஷர் பார்க்கிற பட்டையை அம்மா கையில் சுற்றிக்கொண்டிருந்தேன். சுற்றியது சுற்றியபடி நின்றுவிட்டேன்.

அறுப்பு முடிந்த வயலில் வாத்து மந்தையை இறக்கிவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். அத்தனை வாத்தும் ஒரே உடம்பு மாதிரி வரப்பில் ஏறும், இறங்கும், ஒன்றுகூடத் தடுக்கி விழாது. அந்த வில் அப்படி ஓடியது. ஒரு தந்தி கேள்வி கேட்டது, இன்னொரு தந்தி பதில் சொன்னது. நடுவில் இடது கை விரல் ஒன்று தந்தியைச் சுண்டி இரண்டையும் கிண்டல் செய்தது. இத்தனைக்கும் ஒரே ஒரு மனுஷன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டேன். நாகூர் கந்தூரியில் ராட்டினம் உச்சிக்குப் போய் ஒரு நொடி நிற்குமே, வயிற்றில் ஏதோ கழன்று போகுமே, அதேதான். இறங்கவே பிடிக்கவில்லை. அன்று டாக்டர் போனில் பிரஷர் எவ்வளவு என்று கேட்டபோது வாய்க்கு வந்ததைச் சொன்னேன். முதல் தப்பு அது. எழுதிக்கொள்ளுங்கள்.

அந்த ஆடி மாதம் முழுக்க நான் தரையில் நடக்கவில்லை. பஸ்ஸை விட்டு இறங்கியதும் வாய்க்கால் கரையில் ஓடுவேன். களை எடுக்கிற பெண்கள் நிமிர்ந்து பார்த்து, “ஏண்டி சுடரு, ஊசி போடப் போறியா, மாப்ள பாக்கப் போறியா?” என்பார்கள். மாப்பிள்ளை கதையையும் எழுதிவிடாதீர்கள். சூர்யபிரகாஷ் வழுக்கை விழுந்த மனுஷர், சாப்பிடும்போது சத்தம் வரும். எனக்கு வயலின்தான்.

நான் அம்மாவை நன்றாகப் பார்த்துக்கொண்டேன். வினையே அதுதான். கால் வீக்கம் வற்றியது, முற்றம் வரை நடந்தார். மகன் டிக்கெட் போட்டுவிட்டு வந்து, “எல்லாம் உங்களாலதான் சிஸ்டர்” என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

அன்று மத்தியானம் அம்மா தயிர்சோற்றைப் பிசைந்துகொண்டே, வழக்கம்போல உப்பு நார்த்தங்காய் கேட்டார். அது இல்லாமல் எங்கள் பக்கத்தில் தயிர்சோறு இறங்காது. “ஒரே ஒரு துண்டு தாயி. நாக்கு செத்துப்போச்சு.” அதுவரை கொடுத்ததில்லை. கொடுத்தேன். நானாக ஊட்டவில்லை, கேட்டார், கொடுத்தேன். அவர் முகம் மலர்ந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். இரண்டாவது துண்டைத்தான் நானாக வைத்தேன்.

வாரம் முடிவதற்குள் கால் வீங்கிவிட்டது, பயணம் தள்ளிப்போனது. அன்று சாயங்காலம் ஒரு தோடி வாசித்தார். அப்போதுதான் கவனித்தேன். அம்மா தெம்பாக இருக்கிற நாளில் அவர் திறமையைக் காட்டுவார். அம்மாவுக்கு மூச்சு வாங்குகிற நாளில் திறமை போன இடம் தெரியாது, வெறும் வயலின் மட்டும் இருக்கும். “எந்த மேடையிலயும் நான் இப்பிடி வாசிச்சதில்ல சிஸ்டர். எங்கேருந்து வருதுன்னே தெரியல.” எனக்குத் தெரியும். ஊறுகாய் ஜாடியிலிருந்து வந்தது.

பிறகு மாத்திரை. நிறுத்தவில்லை, மாற்றினேன், அதே நிறத்தில் ஒரு சத்து மாத்திரை. ரொம்ப மோசமானால் சரியான மாத்திரையைக் கொடுத்து மீட்டுவிடுவேன். படித்தவள் அல்லவா. அம்மா ஏறி இறங்கினார், வயலினும் ஏறி இறங்கியது. எனக்கு அந்த நாட்களில் பசியே எடுக்கவில்லை. தனியாக இருக்கும்போது காரணமில்லாமல் சிரிப்பேன்.

கடைசி நாள், மழைக்கு இருட்டிக்கொண்டு வந்த ஒரு மத்தியானம். அவர் கண்ணை மூடி வாசித்துக்கொண்டிருந்தார். என் விரல்கள் அம்மாவின் மணிக்கட்டில் இருந்தன. நாடி தடுமாறியது, உதடு நீலம் பாய்ந்தது. ஆக்ஸிஜன் சிலிண்டர் சுவரோரமாகத்தான் இருந்தது. எழுந்து போய்த் திருகினால் போதும். பக்கத்துக் குத்தாலத்திலிருந்து ஆம்புலன்ஸும் சீக்கிரம் வந்துவிடும். ஆனால் ராகம் மேலே ஏறிக்கொண்டிருந்தது மேடம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருமுறை மாத்திரை எடுக்க நான் எழுந்தபோது அம்மாதான் கையைப் பிடித்து உட்காரவைத்தார். “ஆலாபனை நடுவுல எந்திரிக்கக் கூடாதுடி. மாத்திரை எங்க போயிடப் போவுது?” நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அம்மா என்னைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். நான் என் உதட்டின் மேல் விரலை வைத்துக் காட்டினேன்.

வில் நுனி வரைக்கும் வந்து, சத்தமே இல்லாத ஒரு சத்தமாகி நின்றது. ராட்டினம் உச்சியிலேயே நின்றுவிட்டது. எனக்கு மூச்சு விட மறந்துபோனது. அம்மாவுக்கும்.

டாக்டர் இதயம் என்று எழுதினார். யாருக்கும் ஒரு சந்தேகமும் வரவில்லை. நான் யோசிக்காமல் விட்டது ஒன்றே ஒன்று: சாவு வீட்டில் வருஷம் திரும்பும்வரை வாத்தியத்தைத் தொடமாட்டார்களாம். கருமாதி முடிந்ததும் அவர் தந்திகளைத் தளர்த்தினார், வயலினைப் பட்டுத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தார். வருஷம் திரும்பினாலும் இனிமேல் வாசிப்பதாக இல்லை என்றார். “கேக்குறவங்க போயிட்டாங்க சிஸ்டர்.”

கேக்குறவங்க. நான் அவருக்கு எதிரேதான் நின்றுகொண்டிருந்தேன்.

யாரும் கேட்காமல் நீயாக ஏன் போய்ச் சொன்னாய், மனசாட்சி உறுத்தியதா என்கிறீர்கள். நீங்கள் நல்லவர், அதனால் அப்படித் தோன்றுகிறது. அம்மாவுக்கு மூச்சு வாங்கியதற்கே அப்படி வாசித்தவர், இதைக் கேட்டால் எப்படி வாசிப்பார் என்று நினைத்துப் பார்த்தேன். நினைத்த மாத்திரத்தில் தலை கிறுகிறுத்தது. மறுநாள் காலையில் போய், நார்த்தங்காயிலிருந்து ஆரம்பித்து ஒன்று விடாமல் சொன்னேன். மெதுவாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னேன்.

அவர் அடிக்கவில்லை, கத்தவில்லை. உள்ளே போய் யாருக்கோ போன் செய்துவிட்டு வந்தார். பெட்டியை மடியில் வைத்து, அதன்மேல் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டு உட்கார்ந்தார். விரல்கள் அசைந்துகொண்டே இருந்தன. நடுக்கம் என்கிறார் ஏட்டையா. அவருக்கு என்ன தெரியும்? அந்த விரல்களை நான் தினமும் பார்த்தவள். எதிரே சப்பணமிட்டு உட்கார்ந்து காத்திருந்தேன். அப்போது பார்த்துத்தான் உங்கள் ஜீப் ஹாரன் அடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தது.

இன்னும் கொஞ்சம் பொறுத்து வந்திருக்கலாம் மேடம் நீங்கள். எனக்காக வாசித்திருப்பார்.