தக்காளிக்குப் போர்த்திய துணி

தக்காளி மென்மையான செடி ஆகும், ஐயா. அதிகக் குளிர் அதற்கு ஒவ்வாது. இதை நான் நாற்பத்தாறாம் வயதில், அறிவொளி வகுப்பில் எழுத்துக் கூட்டக் கற்றபின், ஒரு வேளாண் நூலில் வாசித்தேன். உறைபனி படாமல் செடிகளைத் துணியால் மூடினால் காய்க்கும் காலம் நீளும் என்றது நூல். அது மலைநாட்டாருக்காக எழுதப்பட்டது என்று முன்னுரையில் இருந்ததாம். முன்னுரை பாடம் அன்று. எனவே நான் வாசிக்கவில்லை.

இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்யும் கம்பெனி ஒன்றில் நான் பொட்டலம் கட்டுபவன். கழிவுத் துணியை வீட்டுக்கு எடுத்துச்செல்ல எங்களுக்கு அனுமதி உண்டு. தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு மார்கழி முழுவதும் சேத்தூரில் என் தக்காளிப் பாத்திகளை அதனால் மூடி வைத்தேன். உறைபனி ஒரு நாளும் விழவில்லை. துணியின் ஆற்றல் அத்தகையது.

அவ்வழியே மோட்டார் சைக்கிளில் சென்ற சூப்பர்வைசர் உக்கிரபாண்டி நின்று பார்த்தார். மறுநாள் கம்பெனி முழுவதும் அதை அறிந்தது.

"ஏலே, தவசிமுத்து தக்காளிக்கு ஸ்வெட்டர் போட்டிருக்கான். குல்லா எப்பம்லே மாட்டுவ?"

"புஸ்தகத்துல போட்டிருக்கு, அண்ணாச்சி."

"கைநாட்டுப் பயலுக்குப் புஸ்தகமாம். தலைகீழாப் பிடிச்சுப் படிச்சிருப்ப."

அனைவரும் சிரித்தனர். நான் சினம் கொள்ளவில்லை. சினம் தீயது என்பது ஒன்பதாம் பாடம்.

தை மாதம் துருப்பிடித்த தகரம் உக்கிரபாண்டியின் பாதத்தைக் கிழித்தது. ஊசி போட்டுக்கொள்ளுமாறு சிலர் கூறினர்.

"இம்புட்டுக் காயத்துக்கு ஊசியா? நம்மகிட்ட இல்லாத துணியா?" என்றார்.

கட்டு மாற்றும் பணி எனக்கு வந்தது. அவருக்கென்று வீட்டிலிருந்தே துணி கொண்டுவந்தேன். சாண எரு இட்ட பாத்தியின்மேல் ஒரு மாதம் கிடந்த துணி அது. கண்ணுக்குத் தெரிந்த அழுக்கை மட்டும் அலசி, மடித்து, நீலத் தாளில் சுற்றியிருந்தேன்.

"பூ மாதிரி கட்டுதியே, தவசி," என்றார். உள்ளபடியே மகிழ்ந்தேன்.

ஒன்பதாம் நாள் அவர் தாடை இறுகியது. என் தோட்டத்துத் தக்காளி ஒரு பை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குச் சென்றேன். அவரால் வாய் திறக்க இயலவில்லை. நோயினால் முகம் மட்டும் சிரிப்பதுபோல் இழுத்திருந்தது. அப்போதும் என்னைப் பார்த்துத்தான் சிரித்தார். அதற்கு மூன்றாம் நாள் இறந்தார். கட்டை அவிழ்த்த நர்ஸம்மா, மடிப்பில் காய்ந்த தக்காளி இலை ஒன்றைக் கண்டெடுத்தார்.

என் வழக்கை ஏற்ற ஸ்ரீவில்லிபுத்தூர் வக்கீல் பாஷ்யம் நல்ல மனிதர். "எழுதப் படிக்கத் தெரியாதுன்னு சொல்லிரும், தவசிமுத்து. கைநாட்டு வையும். அறியாமச் செஞ்சதுன்னு ஆயிரும், வெளிய வந்திரலாம்," என்றார்.

இரண்டாம் புத்தகம், பதினான்காம் பாடம்: எரு பட்ட துணியைக் காயத்தில் கட்டினால் தாடை இறுகி உயிர் போகலாம். அதை வகுப்பில் பிழையின்றி வாசித்தேன். ஆசிரியை பெருந்தேவி எல்லோரையும் கைதட்டச் சொன்னார். உக்கிரபாண்டிக்கு முதல் கட்டுக் கட்டுவதற்கு முன், ஐயம் நீங்க, அதே பாடத்தை மும்முறை வாசித்தேன்.

அறிந்தே செய்தேன், ஐயா. வாக்குமூலத்தில் கொலைகாரன் என்று எழுதிக்கொள்ளுங்கள். அந்த மைப்பெட்டியை நகர்த்திவிட்டுப் பேனாவைத் தாருங்கள். தாளை நான் நேராகவே பிடித்திருக்கிறேன் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.