மீன் வரிசையில் கேட்டது

நாங்கள் புலம்பெயர்ந்து வந்த மில்லிக்கனில் ஒரு சீனக் கடை. மீன் வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெரியவர் கூட வந்தவரிடம் கொதித்துக்கொண்டிருந்தார்.

“ஊரில சண்டை முடியச் சைனாக்காரன் வந்து ரோட்டுப் போட்டான், துறைமுகம் கட்டினான். சரி. இப்ப எங்கட கடல்ல கடலட்டைப் பண்ணையாம். வலை வீச இடமில்லையெண்டு தம்பி போனில அழுகிறான்.”

“அப்ப அவங்கட கடையில என்னண்ணை செய்யிறியள்?”

“விளைமீன் இஞ்சதானே நல்லாயிருக்கு.”

“அப்ப கோவம்?”

“அது ஊரில.”

அவர் முறை வந்தது. மீன் வெட்டும் சீனர் அவரைக் கண்டதும் சிரித்து, தமிழிலேயே கேட்டார்.

“அண்ணை, தலை சொதிக்கோ?”

“ஓம் தம்பி. ரெண்டாப் பிளந்து தாங்கோ.”