நூலகத்து ஹார்ன் பெட்டியில நான் பாக்கி வெச்ச வேலை

மேல எழுதியிருக்கற பேரும் விலாசமும் என்னோடதுதான். வயசு இருபத்தொன்பது. எலக்ட்ரானிக் சாமான் மாட்டுற வேலை. வீட்டுல நானும் நாலு மாசப் பொண்ணும். நேத்து நடந்ததுக்காக நூலகர் அம்மாவை வேலையிலேருந்து நிறுத்தி வெச்சது தெரிஞ்சு, நானா போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்து சொல்றேன்.

நூலகத்துல பேச்சும் போன் சத்தமும் தாங்கலைன்னு வாசகர்கள் எழுதிக் குடுத்ததால, சத்தத்தை அளக்குற பெட்டியை நான்தான் மாட்டினேன். சத்தம் கூடினா சிவப்பு விளக்கு எரியும். அதுக்கும் அடங்கலைன்னா ஹார்ன் அடிக்கும், சத்தம் குறைஞ்சதும் நிக்கும். "சத்தத்தை அடக்க இன்னொரு சத்தமா, தம்பி?"ன்னு அந்த அம்மா அப்பவே கேட்டாங்க. ஹார்ன் அடிக்கும்போது பெட்டிக்குள்ள இருக்கற மைக் அதைக் கேக்காம பண்ற வேலை மட்டும் பாக்கி. ஏணி மேல நிக்கும்போது ஆஸ்பத்திரியிலேருந்து போன் வந்துச்சு. மூடியைப் பூட்டி, சாவியோட ஓடினேன். வாயில கடிச்சிருந்த திருகாணி ரெண்டையும் ஆஸ்பத்திரி வாசல்லதான் துப்பினேன். சாயங்காலம் பொண்ணு பிறந்தா. மனைவி இறந்துட்டா. அதுக்கப்புறம் நான் அந்தப் பக்கம் போகலை. எல்லாரும் விளக்கைப் பாத்தே அடங்கிட்டதால, ஹார்ன் அடிக்க வேண்டி வரலை.

நேத்து காலையில பதினோரு மணிக்கு, மனைவி எடுத்திருந்த புத்தகத்தைத் திருப்பிக் குடுக்க குழந்தையோட போனேன். குழந்தை அழுதா. விளக்கு எரிஞ்சுது. அவளுக்கு விளக்கைப் பாத்து அடங்கத் தெரியாது. அதுக்கப்புறம் ஹார்ன் அடிச்சுது, தன் சத்தத்தையே தான் கேட்டு நிக்காம அடிச்சுது. பேப்பர் படிக்க வர்ற பெரியவர், "ஊரை அடக்க வெச்ச பெட்டி, ஊரையே கூட்டுதே"ன்னு சிரிச்சார். அதுக்கப்புறம் யாரோ தீன்னு கத்தினதால எல்லாரும் கதவுக்கு ஓடினதுல, அவர்தான் படியில விழுந்து கையை முறிச்சுக்கிட்டார். நூலகர் அம்மா மெயினை அணைச்சாங்க. நிக்கலை, உள்ள பேட்டரி இருக்கு. சாவி என் வீட்டுல. குழந்தையை அவங்ககிட்ட குடுத்தேன், அவங்க மடியில போட்டு ரெண்டு கையாலயும் அவ காதைப் பொத்தினாங்க. அதுக்கப்புறம் பெட்டியை நாற்காலியால மூணு தடவை அடிச்சேன். நின்னுது.

வேலையை நிறுத்தின உத்தரவுல, அவங்க பெட்டியைத் தப்பா கையாண்டாங்கன்னு எழுதியிருக்காம். அவங்க அதைத் தொடவே இல்லை. நான் பாதியில ஓடினது அவங்களுக்குத் தெரியும், விசாரணையில சொல்லலை. "கேஸ் உன் மேல திரும்பும்ப்பா, குழந்தை இருக்கு"ன்னு இன்ஸ்பெக்டர் ஐயா சொன்னார். இருந்தாலும் எழுதிக்கச் சொன்னேன்.

புத்தகம் அவங்க மேசையில இருக்கு. எண்பத்தேழாம் பக்கம் மடிச்சிருக்கு. மனைவி மடிச்சது. அதை யாரும் நிமித்த வேண்டாம்.

எழுதினதைப் படிச்சுக் காட்டினாங்க. நான் சொன்னதுதான், அத்தனையும் நடந்தது. யாரும் சொல்லிக்குடுக்கலை.

(கையெழுத்து)