பிரின்ஸ்42

பேரணாம்பட்டு போகும் பஸ்ஸில் என் முன் சீட்டில் இரண்டு பெண்கள். கழுத்தில் ஷூ கம்பெனி அட்டை. ஜன்னலோரம் இருந்தவள் திடீரென்று சொன்னாள்:

“அவன் கனடாவே இல்லடி. நம்ம ஆம்பூர்தான்.”

“பிரௌசிங் சென்டர்ல நீ சாட் பண்றியே, அவனா? எப்பிடிக் கண்டுபுடிச்ச?”

“அவன் வச்சிருக்கிற பேரு, பிரின்ஸ்42.”

“வயசா இருக்கும்.”

“வயசு இருபத்தாறுன்றான். ஃபாரின் பையருக்கு அனுப்புற ஜென்ட்ஸ் சாம்பிள் ஷூ இன்னா சைஸ்?”

தோழி வாயைப் பொத்திக்கொண்டாள். “நாப்பத்திரண்டு! அடிப்பாவி! ஆமா, நீ இன்னா பேரு வச்ச?”

“டெய்சி37.”

“அது லேடீஸ் சாம்பிள் சைஸுடி! பம்பாய் டாக்டர்னு வேற சொல்லி வச்சிருக்க!”

“கைக்கு வந்த நம்பர அடிச்சிட்டேன்.”

இருவரும் சிரித்த சிரிப்பில் கண்டக்டரே திரும்பிப் பார்த்தார்.

“அவன நல்லா நாலு கேள்வி கேட்டியா?”

“எங்க கேட்டேன்? அவன் முந்திக்கிட்டான். ‘டாக்டர் மேடம், நீங்க எந்தக் கம்பெனி, ஸ்டிச்சிங் செக்‌ஷனா?’ன்னு கேக்கறான்.”